மருந்து கேட்குமா? குடலுக்குள்ளேயே பார்த்துச் சொல்லும் பச்சை ஒளி!

சாப்பிட்டதும் வயிற்றைப் பிடித்து இழுக்கும் வலி, நாளுக்குப் பல முறை கழிவறை, குறைந்துகொண்டே போகும் உடல் எடை... குரோன்ஸ் நோய் வந்தவர்களுக்கு இதுதான் அன்றாடம். காவல் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு செல்களே குடலைப் புண்ணாக்கிவிடுகின்றன.

இதற்குத் தரப்படும் முக்கியமான ஊசிகளில் ஒன்று, அடாலிமுமாப். அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப் என்ற புரதத்தைப் பிடித்து முடக்குவது இதன் வேலை. உடலில் ஒளிந்திருக்கும் காசநோய்க் கிருமியை இது தட்டி எழுப்பிவிடவும் கூடும். அதனால்தான் ஊசிக்கு முன்பே டி.பி டெஸ்ட் எடுக்கிறார்கள். இத்தனைக்கும் பிறகு, ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மருந்து கேட்பதே இல்லை. அது தெரியவே வாரக்கணக்கில் ஆகும். அதுவரை புண் ஆறாமல் கிடக்கும்.

போட்டுப் பார்த்தால்தான் தெரியுமா? ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழக மருத்துவமனையில் ராஜா அத்ரேயா, மார்க்குஸ் நொய்ராத் குழுவினர் இதற்கு ஒரு வழி கண்டார்கள். அதே அடாலிமுமாப் மருந்துடன், பச்சையாக ஒளிரும் ஃப்ளோரசின் சாயத்தைக் கோத்தார்கள். கண் மருத்துவர்கள் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தும் சாயம்தான். கொலோனோஸ்கோப்பியின்போது, அழற்சி உள்ள இடத்தில் அதைத் தெளித்தார்கள். டி.என்.எஃப் ஏந்திய செல்களில் மருந்து போய் ஒட்டிக்கொள்ளும். லேசர் நுண்ணோக்கி பொருத்திய எண்டோஸ்கோப் வழியே பார்த்தால், அந்த செல்கள் பச்சையாக மின்னும். எதிரி இருக்கும் இடத்தை மருந்தே காட்டிக்கொடுக்கிறது!

2014-ல் 'நேச்சர் மெடிசின்' இதழில் முடிவு வெளியானது. சோதித்தது 25 பேரை. பச்சை செல்கள் அதிகம் இருந்தவர்களில் 92 சதவிகிதம் பேருக்கு 12 வாரங்களில் ஊசி பலன் தந்தது. குறைவாக இருந்தவர்களில் 15 சதவிகிதம்தான்.

அந்த 15-ஐயும் கவனிக்க வேண்டும். 'பச்சை குறைவு, ஊசி வேண்டாம்' என்று சொல்லியிருந்தால் அவர்கள் பலனை இழந்திருப்பார்கள். வெறும் 25 பேரை வைத்துத் தீர்ப்பு எழுதவும் முடியாது. ஆகவே இது இன்னும் ஆராய்ச்சிதான். டாக்டரிடம் கேட்டவுடன் எழுதித் தரக்கூடிய டெஸ்ட் அல்ல.

இப்போதைக்கு ரத்தப் பரிசோதனை, மலத்தில் கால்ப்ரோடெக்டின் அளவு, மறுபடி ஒரு கொலோனோஸ்கோப்பி என்று தொடர்ந்து பார்த்துத்தான் மருந்து கேட்கிறதா என்று முடிவு செய்கிறார்கள். வலி குறைந்துவிட்டது என்று அந்தத் தேதிகளைத் தள்ளிப்போடுபவர்கள் உண்டு. குரோன்ஸில் வலியே இல்லாமலும் அழற்சி உள்ளே நீடிக்கும்.