பக்கத்து மாடியில் செல்போன் கோபுரம்! நகராட்சி தடுக்குமா?

திருத்தணி மலைக்கு 365 படி. ஆடிக் கிருத்திகைக்கும், டிசம்பர் 31-ந் தேதி படித் திருவிழாவுக்கும் கூட்டம் அலைமோதும். அந்த நெரிசலில் பிள்ளையைத் தவறவிட்ட தாய் போனை எடுத்தால் லைன் கிடைக்காது.

"என்னய்யா ஊரு இது, டவரே இல்லை!" என்று திட்டுவார்கள்.

அதே டவர் பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் வந்து நின்றால்...?

"ஐயையோ, வேண்டாம்!"

தெருவே கையெழுத்துப் போட்டு நகராட்சிக்கு மனுவோடு போகும். "யாரைக் கேட்டு பர்மிஷன் கொடுத்தீங்க சார்?" - இதுதான் முதல் கேள்வி.

இங்கேதான் பலரும் ஏமாந்து போகிறார்கள்.

தகவல் போதும்

2022 ஆகஸ்டு மாதம் மத்திய அரசு விதியைத் திருத்தியது. அதன்படி, தனியார் கட்டிடத்தில் கோபுரம் வைக்க உள்ளாட்சியின் அனுமதி தேவை இல்லை! வேலை தொடங்கும் முன் எழுத்து மூலம் தகவல் கொடுத்தால் போதும் என்று ஆனது. 2023-ல் வந்த தொலைத்தொடர்பு சட்டமும் தனியார் இடம் என்றால் இடத்துக்காரரும் கம்பெனியும் செய்யும் ஒப்பந்தத்தைத்தான் பார்க்கிறது. எதிர்வீட்டுக்காரருக்கு அதில் பேச்சே இல்லை.

அரசு இடம் என்றால் கதை வேறு. அதற்கு அனுமதி வேண்டும். ஆனால் அதிலும் கெடு உண்டு. 2016-ம் ஆண்டு விதியில் 60 நாள். அதற்குள் பதில் சொல்லாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே அர்த்தம். மறுத்தால் காரணத்தை எழுத வேண்டும். 2025 ஜனவரி 1-ந் தேதி புதிய விதி அமலுக்கு வந்தது.

வாடகை வாங்குபவர் ஒருவர். பயந்து கிடப்பது தெரு முழுவதும். இது நியாயமா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

கோர்ட்டு என்ன சொன்னது?

கோர்ட்டுக்குப் போனவர்களுக்கும் ஒரே மாதிரி பதில் கிடைக்கவில்லை.

கேரளாவில் சேமஞ்சேரி பஞ்சாயத்து வழக்கில், வெறும் பயத்தை வைத்து கோபுரத்தைத் தடுக்க முடியாது என்று 2006-ல் ஐகோர்ட்டு சொல்லிவிட்டது. ராஜஸ்தான் ஐகோர்ட்டோ 2012-ல் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரிகளில் இருந்து கோபுரங்களை அகற்றச் சொன்னது. குவாலியரில் ஒரு வீட்டு வேலைக்காரர், பக்கத்துக் கோபுரத்தால்தான் தனக்குப் புற்றுநோய் வந்தது என்று சுப்ரீம் கோர்ட்டுக்கே போனார். 2017-ல் அந்த பி.எஸ்.என்.எல். கோபுரத்தை 7 நாளில் நிறுத்த உத்தரவு வந்தது!

அப்படியானால் புற்றுநோய் வருமா? 2011-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இந்த அலைகளை "வாய்ப்பு இருக்கலாம்" என்ற பட்டியலில் வைத்தது. நிச்சயம் என்று சொல்லவில்லை. இந்தியா 2012 செப்டம்பர் 1 முதல் கதிர்வீச்சு அளவைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு சதுர மீட்டருக்கு 4.5 வாட் என்று இருந்தது, 0.45 வாட் ஆயிற்று.

மேடும் பள்ளமும்

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஆண்டெனாவின் அலை விளக்கு வெளிச்சம் போல எதிரே பாயும். நேர் கீழே உள்ள வீட்டில் குறைவு. எதிரே அதே உயரத்தில் இருக்கும் வீட்டில்தான் அதிகம்.

திருத்தணி மலையடிவார ஊர். பள்ளத்துத் தெருவின் மாடியும் மேட்டுத் தெருவின் ஜன்னலும் ஒரே மட்டத்தில் வந்துவிடலாம்! 2013-ல் மத்திய தொலைத்தொடர்புத் துறை மாநிலங்களுக்கு அனுப்பிய வழிகாட்டுதலில், ஒரு ஆண்டெனா என்றால் எதிரே 20 மீட்டருக்குள்ளும், இரண்டு என்றால் 35 மீட்டருக்குள்ளும் அதே உயரக் கட்டிடம் இருக்கக் கூடாது என்றது. சமவெளி ஊர்க்காரர் இதைப் படிக்காவிட்டாலும், நாம் டேப்பை எடுத்து அளந்து பார்க்க வேண்டும்.

மனுவில் என்ன எழுதுவது?

"வேண்டாம்" என்று மட்டும் எழுதினால் ஓரமாகப் போய்விடும். கம்பெனி கொடுத்த தகவல் கடிதத்தைக் கேளுங்கள். பழைய வீடு அந்தப் பாரத்தைத் தாங்கும் என்று கட்டிட என்ஜினீயர் கொடுத்த சான்று எங்கே என்று கேளுங்கள். 2022 விதியில் அது கட்டாயமாக இருந்தது. ஜெனரேட்டர் இரைச்சல் தூங்க விடாவிட்டால் அது தனிப் புகார்.

கதிர்வீச்சு சந்தேகமா? 2017-ல் மத்திய அரசு தொடங்கிய "தரங் சஞ்சார்" இணையதளத்தில் 4,000 ரூபாய் கட்டினால் உங்கள் இடத்துக்கு வந்து அளந்து காட்டுவார்கள் என்று அறிவித்தார்கள். தெருவில் 20 வீடு சேர்ந்தால் தலைக்கு 200 ரூபாய்தான்.

மனுவை நீட்டும்போது, நகலில் நகராட்சி முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.