மாடியில் காற்றாலை: வாங்குமுன் காற்றை அளந்து பாருங்கள்

பெருந்துறை வட்டார விவசாயிகள் பல்லடம், தாராபுரம், உடுமலைப் பக்கம் போய்வரும்போது பெரிய காற்றாலைகள் சுழல்வதைக் காண்கிறார்கள். அதைப்போல் சிறியதாக ஒன்றைத் தோட்டத்து வீட்டு மாடியில் நிறுத்தினால் விளக்கும் விசிறியும் செலவின்றி ஓடுமே என்ற எண்ணம் எழுவது இயற்கை. ஆனால் காற்றாலைக்கு வீட்டு மாடி ஏற்ற இடம் அல்ல. கைப்பணத்தை இதில் போடுமுன் காரணத்தை அறிந்துகொள்வது நலம்.

கணவாய்க் காற்று

தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொங்கு நாட்டினுள் நுழைகிறது. மலைகளுக்கு இடையே குறுகிய வழியில் புகுவதால் வேகம் கூடுகிறது. உடுமலை, பல்லடம், தாராபுரம் பகுதிகளுக்கு இதன் பலன் அதிகம். பெருந்துறை இப்பகுதிக்கு வடகிழக்கே உள்ளது. ஆகவே அங்குள்ள காற்றை இங்கும் அப்படியே எதிர்பார்க்கக் கூடாது. மேலும், வைகாசி முதல் புரட்டாசி வரையில்தான் காற்று வலுவாக வீசும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கலாம். மாசி, பங்குனியில் வேப்பிலைகூட அசையாத நாட்கள் உண்டு. ஆடியில் கிடைக்கும் மின்சாரத்தைப் பேட்டரியில் சேமித்துப் பங்குனியில் உபயோகிக்க இயலாது.

வேகம் பாதியானால் மின்சாரம் எட்டில் ஒன்று

காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் சக்தி எட்டு மடங்காகும். வேகம் பாதியானால் சக்தி எட்டில் ஒரு பங்காகக் குறையும். ‘ஒரு கிலோவாட்’ என்று விற்கப்படும் சிறு காற்றாலை, பொதுவாக மணிக்கு 40 கிலோமீட்டர் வேகக் காற்றில்தான் அந்த அளவு மின்சாரம் தரும். 20 கிலோமீட்டர் வேகத்தில் கிடைப்பது சுமார் 125 வாட். 10 கிலோமீட்டராகக் குறைந்தால் பெரும்பாலான காற்றாலைகள் மின்சாரம் தரத் தொடங்குவதே இல்லை.

மாடியில் நேர்வது என்ன?

வாய்க்கால் நீர் ஒரு பாறையில் மோதினால் அதன் பின்னே சுழித்து ஓடுவதைப் பார்க்கிறோம். காற்றும் அப்படியே. வீட்டுச் சுவர், கைப்பிடிச் சுவர், தண்ணீர்த் தொட்டி, மரங்கள் ஆகியவற்றில் மோதிச் சுழிக்கிறது. வீட்டின் உயரத்தைப்போல் இரு மடங்கு உயரம் வரை இச்சுழிப்பு இருக்கும். சுழிக்காற்றில் காற்றாலை அடிக்கடி திசை மாறித் தடுமாறும், மின்சாரம் குறையும், தாங்கிகள் தேயும். அதிர்வு கம்பத்தின் வழியே கட்டடத்தில் இறங்கும். தளத்தில் விரிசல் கண்டு மழைநீர் கசியவும் இடமுண்டு. ஓட்டு வீட்டிலும் சிமெண்ட் அட்டைக் கூரையிலும் இதை அமைக்கவே கூடாது. இரவில் வீட்டினுள் இரைச்சல் கேட்பது தனித் தொல்லை.

சுற்றிலும் 100 மீட்டருக்குள் உள்ள மிக உயர்ந்த பொருளைவிடக் காற்றாலை 30 அடியாவது உயரத்தில் இருக்க வேண்டும் என்பது பொது விதி. 60 அடித் தென்னை சூழ்ந்த தோட்டமானால் 90 அடி வேண்டும். 12 அடி உயர வீட்டின் மேல் 10 அடிக் கம்பம் நட்டால் மொத்தம் 22 அடிதான். தென்னை மட்டைகூட இதைவிட மேலே அல்லவா ஆடுகிறது!

இங்கிலாந்து தந்த பாடம்

இங்கிலாந்தில் கட்டடங்கள் மீது பொருத்தப்பட்ட 26 சிறு காற்றாலைகளை அளந்து, அதன் முடிவை 2009-ல் வெளியிட்டனர். ஒரு காற்றாலை நாளொன்றுக்குச் சராசரியாகத் தந்தது 0.214 யூனிட் மட்டுமே. பழுது முதலிய காரணங்களால் நிறுத்தியிருந்த நேரத்தைத் தள்ளிக் கணக்கிட்டாலும் 0.628 யூனிட்தான். அதாவது இரு மாதங்களுக்குச் சுமார் 38 யூனிட். தமிழகத்தில் வீடுகளுக்கு இரு மாதத்திற்கு 100 யூனிட் இலவசம் என்பது 2016-ல் நடைமுறைக்கு வந்தது. இதனுடன் ஒப்பிட்டால் லாப நஷ்டம் விளங்கும்.

எங்கே பயன்படும்?

மரமில்லாத மேட்டாங்காடு, கொறங்காடு போன்ற திறந்த வெளியில், மின் இணைப்பு எட்டாத இடத்தில், உயர்ந்த கோபுரம் அமைத்தால் சிறு காற்றாலை உதவும். முன்பு கிணற்றில் நீர் இறைக்க ஆரோவில்லில் செய்த பல இதழ்க் காற்றாடிகளும் இரும்புக் கோபுரத்தின் மீதுதான் நின்றன.

மின் இணைப்புள்ள வீட்டின் மாடிக்குச் சூரிய மின்தகடே ஏற்றது. 1 கிலோவாட் தகடு நல்ல வெயிலில் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். 2024-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் இதற்கு 30,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

1. நீண்ட மூங்கிலில் இரண்டு அடிக்கு ஒரு துணிப்பட்டை கட்டி, காற்றாலை வைக்க நினைக்கும் இடத்தில் ஆடி மாதம் நிறுத்திப் பார்க்கவும். பட்டைகள் ஒரே திசையில் நீட்டி நிற்காமல் பல பக்கமும் துடித்தால் அந்த இடம் ஆகாது.

2. இடம் தேறினால், கோபுர உயரத்திலேயே காற்றுவேகமானியை வைத்து ஓராண்டு அளக்கவும்.

3. விற்பவரிடம் ‘எத்தனை கிலோவாட்’ என்று கேட்பதோடு நில்லாமல், ‘எங்கள் காற்றில் ஆண்டுக்கு எத்தனை யூனிட்’ என்று கேட்டு எழுத்தில் பெறவும்.

4. அவர் ஏற்கெனவே அமைத்து, ஓராண்டாவது ஓடிய காற்றாலையை நேரில் பார்த்து, அதன் உரிமையாளரிடம் விசாரிக்கவும்.

5. சூறைக்காற்றில் தானே நிற்கும் அமைப்பு, இடிதாங்கி, ஸ்டே கம்பி, பழுது பார்க்கக் கோபுரத்தைச் சாய்த்து இறக்கும் வசதி ஆகியவை அவசியம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பேட்டரி மாற்றும் செலவையும் கணக்கில் சேர்க்கவும்.

மண்ணைப் பரிசோதிக்காமல் உரமிடுவது பணத்தை வீணாக்கும். காற்றை அளக்காமல் காற்றாலை வாங்குவதும் அப்படியே.