பனிமலைக்கு ரயிலில் போகலாம்!

மதுரைவாசிகளுக்குப் பனி என்றால் மார்கழி அதிகாலையில் தலையில் துண்டு கட்டவைக்கும் பனிதான். மலையே வெள்ளைவெளேரென்று கிடக்கும் காட்சிக்குக் காஷ்மீர் போகவேண்டும். முன்பெல்லாம், பனியும் மண்சரிவும் அடிக்கடி மறிக்கும் மலைச் சாலைக்கு அஞ்சியே வயதான தம்பதிகள் ஜம்முவோடு திரும்பிவிடுவார்கள். 2025 ஜூன் 6-இல் கத்ரா - ஸ்ரீநகர் ரயில் தொடங்கிவைக்கப்பட்ட பின் அந்தக் கவலை குறைந்தது.

வழியிலுள்ள செனாப் பாலத்தின் உயரம் 359 மீட்டர். மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரங்கள் ஏழை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாற்போல!

ஆனால் ஒரு சங்கடம். கத்ராவிலிருந்து பனிஹால் வரை 111 கிலோமீட்டரில் ஏறக்குறைய 97 கிலோமீட்டர் சுரங்கம். ஜன்னலோரத்துக்காகக் கணவரோடு மல்லுக்கட்டிய அம்மாள், கண்ணாடியில் தம் முகத்தையே பார்த்துவர நேரும். “பனி எங்கே?” என்று வழிகாட்டியைக் கோபிப்பதில் பயனில்லை. பனிஹாலில் தூங்காதிருந்தால் போதும். அடுத்த 11 கிலோமீட்டர் சுரங்கம் முடிந்ததும் பள்ளத்தாக்கு விரிகிறது. தை மாதத்தில் பனி பெய்திருந்தால் வயலும் கூரையும் வெண்பட்டு உடுத்தியிருக்கும்.

கம்பளிச் சட்டையைப் பெட்டியின் அடியில் வைக்கவேண்டாம். அந்த மாதத்தில் டில்லியிலேயே அது தேவைப்படும்!