காலி செய்த வீட்டின் சாவி

“குரோம் பிரவுசரில் ஓட்டை, உடனே அப்டேட் செய்யுங்கள் என்று அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் அடிக்கடி எச்சரிக்கிறதே, குரோமில் வேலை பார்க்கலாமா?” என்று கேட்கிறார், திண்டுக்கல்லில் பிரவுசிங் சென்டர் நடத்தும் வாசகர் ஒருவர்.

தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் அப்டேட் இறங்கியபின் குரோமை முழுக்க மூடித் திறக்க வேண்டும். அதுவரை பழைய நிரல்தான் ஓடும். மற்றபடி, ‘வங்கிப் பணம் முழுதும் போய்விடும்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பி மிரள வேண்டாம்.

அந்த எச்சரிக்கைகளில் ‘யூஸ் ஆஃப்டர் ஃப்ரீ’ என்றொரு பிழை ஓயாமல் வரும். 2019-இல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊர்க்காரருக்கு அதைச் சாவியை வைத்தே சொல்லலாம். வாடகை வீட்டைக் காலி செய்தவர் சாவியைத் திருப்பித் தரவில்லை. வீட்டுக்காரரும் பூட்டை மாற்றாமல் வேறொருவரைக் குடிவைத்துவிட்டார். பழையவர் ஒருநாள் தன் வீடென்றே நினைத்துத் திறக்கிறார். சுவரில் ஒட்டியிருக்கும் ‘இன்றைய வேலைகள்’ சீட்டைத் தான் எழுதியதென்று நம்பி வரிபிசகாமல் செய்கிறார். எழுதியவரோ புதுக் குடித்தனக்காரர், அவர் திருடர். சாவி வைத்திருப்பவர் அப்பாவி என்பதுதான் இதில் விசேஷம்.

அந்த அப்பாவிதான் பிரவுசர். ஒரு பக்கத்தில் ஓடும் அனிமேஷனுக்கு மெமரியில் 96 பைட் இடம் ஒதுக்கியதாக வைத்துக்கொள்வோம். அனிமேஷன் நீங்கியதும் இடம் காலி. நிரலின் வேறொரு மூலையில் மட்டும் அதன் முகவரி, அதாவது பழைய சாவி, அழியாமல் கிடக்கிறது. உடனே அந்தப் பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட், அதே 96 பைட் அளவில் நூற்றுக்கணக்கில் தரவுகளை உருவாக்குகிறது. மெமரியைப் பங்கிடும் பகுதி, வேகம் கருதி, சற்றுமுன் காலியான அதே அளவு இடத்தைத்தான் பெரும்பாலும் முதலில் எடுத்துக் கொடுக்கும். பழைய முகவரியை நம்பிப் போகும் பிரவுசர், தாக்குபவன் எழுதிவைத்த கட்டளையை நோக்கித் தாவுகிறது. 2022 பிப்ரவரியில் கூகுள் அவசரமாக அடைத்த ஓட்டை, குரோமின் அனிமேஷன் பகுதியில் இருந்த இதே வகைதான். அடைக்கும் முன்பே அதைத் தாக்குதலுக்குப் பயன்படுத்தியிருந்தார்கள்.

வரலாறு சிறியது. 1970-களில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழி, மெமரிக் கணக்கை நிரலர் பொறுப்பில் விட்டது. சி++ அதே வழியில் போனது. குரோம் பெருமளவு சி++-இல் எழுதப்பட்டது. அதன் கடுமையான பாதுகாப்புப் பிழைகளில் சுமார் 70 சதவீதம் மெமரி சார்ந்தவை, அவற்றில் பாதி இந்தச் சாவிப் பிழை என்று 2020-இல் குரோமுக்கு அடிப்படையான குரோமியத்தின் குழுவே கணக்குச் சொன்னது.

2022 முதல் குரோம் இத்தகைய சாவிகளில் பலவற்றை எண்ணுகிறது. எண்ணும் சாவிகளில் ஒன்று வெளியே இருந்தாலும் அந்த இடத்தில் வேறு யாரையும் குடிவைப்பதில்லை. சுவரையும் சுண்ணாம்பால் பூசி அழித்துவிடுகிறது. வீடுகள் பூட்டியே கிடப்பதால் மெமரி கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். மொசில்லாவில் வளர்ந்த ரஸ்ட் மொழி இன்னும் கண்டிப்பானது: சாவிக் கணக்கு இடித்தால் நிரலைத் தொகுக்கவே விடாது.

ரஸ்ட் வந்தால் ஹேக்கிங்கே ஒழிந்துவிடும் என்பது வெறும் விளம்பரப் பேச்சு. தவறான ஆளுக்கு அனுமதி தரும்படி எழுதிய நிரலை ரஸ்ட்டும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் ஆண்ட்ராய்டில் நடந்தது பேச்சல்ல. அதன் பாதுகாப்பு ஓட்டைகளில் மெமரிப் பிழைகளின் பங்கு 2019-இல் 76 சதவீதம், 2024-இல் 24. பழைய நிரலைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டு, புதிதாக எழுதுவதை ரஸ்ட் போன்ற மொழிகளுக்கு மாற்றினார்கள். இந்தப் பிழைகள் அதிகம் ஒளிந்திருப்பது புது நிரலில்தான். பழையதில் இருப்பவை ஆண்டுக்காண்டு பிடிபட்டுக் குறைந்துகொண்டே வருகின்றன.