பிள்ளைகளின் இணையப் படிப்பு: சேர்ந்தால் மட்டும் போதாது

திருவொற்றியூரில் மளிகைக் கடை நடத்தும் நண்பர் ஒருவரின் மகன், ‘ஸ்வயம்’ இணையதளத்தில் 12 வாரப் பாடமொன்றில் சேர்ந்து, வாரம் தவறாமல் விடை எழுதி அனுப்பினான். முடிவில் தேர்வு எழுத முடியவில்லை. பாடத்தில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு என்று எடுத்துச் சொல்ல வீட்டில் ஆளில்லை. பதிவுக் கெடு முடிந்துவிட்டது.

ஸ்வயம், மத்திய அரசு 2017-ல் தொடங்கியது. பொறியியல் பாடங்கள் பலவற்றை அதில் நடத்தும் என்.பி.டி.இ.எல். திட்டத்தில் நம் சென்னை ஐ.ஐ.டி.க்கு முக்கியப் பங்குண்டு. படிப்பு இலவசம், தேர்வுக்கு மட்டுமே கட்டணம். கல்லூரி ஏற்றுக்கொண்டால் அந்த மதிப்பைப் பட்டப்படிப்பிலேயே சேர்த்துக்கொள்ளலாம். ஆகவே இது விளையாட்டுக் காரியமல்ல.

என்.பி.டி.இ.எல். பாடங்களில் வாராந்திரப் பயிற்சிக்கு 25, நேரில் சென்று எழுதும் தேர்வுக்கு 75 மதிப்பெண். 12 வாரப் பாடமானால் சிறந்த எட்டுப் பயிற்சிகளைத்தான் கணக்கில் எடுப்பார்கள். ஓரிரண்டு தவறினால் பிள்ளையைத் திட்ட வேண்டாம்.

நம் வீடுகளில் நடக்கும் தவறு இன்னொன்று. ஜி.எஸ்.டி.க்கு வைத்திருக்கும் கடை மின்னஞ்சலில் பாடத்தில் சேர்த்துவிட்டு, தேர்வுக்குப் பிள்ளையின் மின்னஞ்சலைக் கொடுத்துவிடுகிறோம். பயிற்சி மதிப்பெண் தேர்வோடு சேராமல் போய்விடும். இரண்டுக்கும் ஒரே முகவரி வேண்டும்.

கணினி தெரியாதவர்களும் ஓர் உதவி செய்யலாம். பாடத்தின் முகப்பில் தேர்வுப் பதிவின் கடைசித் தேதி இருக்கும். பிள்ளையிடம் அதைக் கேட்டு, கல்லாவுக்கு மேலே தொங்கும் காலண்டரில், சரக்குப் பாக்கி குறிக்கும் அதே பேனாவால் குறித்து வையுங்கள்.