உங்கள் மச்சம் ஏன் கடுகளவிலேயே நின்றுவிட்டது?

கடப்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி ஆலம்பரைக் கோட்டைப் பக்கம் போயிருக்கிறீர்களா? அங்கே கழி ஓரமாக உட்கார்ந்து வலை பின்னும் பெரியவர்களின் பிடரியைக் கவனியுங்கள். வெடித்த வயல் மாதிரி அத்தனை சுருக்கம்! ஆனால் கைலி மறைத்திருக்கும் தொடைத் தோல் வழவழவென்று இருக்கும். ஒரே ஆள், ஒரே வயசு. எப்படி இந்த வித்தியாசம்?

வெயில்தான் காரணம். சூரியனின் புற ஊதாக் கதிர் தோல் செல்லுக்குள் புகுந்து மரபணுவைச் சேதப்படுத்துகிறது. சேதமான செல் தன்னைச் சரிசெய்துகொள்ளலாம், செத்துப்போகலாம். இரண்டும் இல்லையென்றால் "இனி நான் பெருக மாட்டேன்" என்று உயிரோடு உட்கார்ந்துவிடும். இதுதான் செல் மூப்பு.

வெயிலே படாவிட்டாலும் மூப்பு வரும். மனித செல்களைக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்தால் சுமார் 50 முறை பிரிந்தபின் நின்றுவிடுகின்றன என்று 1961-ல் ஹேஃப்ளிக் என்ற அமெரிக்கர் காட்டினார். குரோமோசோமின் நுனியில், ஷூ லேஸ் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் மாதிரி, 'டெலோமியர்' என்று ஒரு காப்பு உண்டு. ஒவ்வொரு பிரிதலிலும் அது தேய்கிறது. இந்த ஆராய்ச்சிக்காக மூன்று பேருக்கு 2009-ல் மருத்துவ நோபல் கிடைத்தது. (அதே ஆண்டு வேதியியல் நோபல் பெற்றவர்களில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த நம்ம வெங்கி ராமகிருஷ்ணன். முதுமையையும் மரணத்தையும் பற்றி 2024-ல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார்.)

சரி, இந்த மூப்பால் நமக்கு என்ன லாபம் என்கிறீர்களா? உங்கள் பள்ளிச் சான்றிதழை எடுங்கள். அங்க அடையாளம் என்ற இடத்தில் ஒரு மச்சம் எழுதியிருக்குமே, அதுதான் லாபம்! பல மச்சங்களில் 'பி-ராஃப்' என்ற மரபணு கெட்டுப்போயிருக்கிறது. மெலனோமா என்ற தோல் புற்றுநோயிலும் அடிக்கடி காணப்படுவது இதே கோளாறுதான். அதாவது, ஒரு செல் தாறுமாறாகப் பெருகப் புறப்பட்டது. கடுகளவு வளர்ந்ததும் மூப்பு வந்து பிரேக் போட்டுவிட்டது. 2005-ல் தெரியவந்த சங்கதி இது. மச்சக்காரர் என்று சும்மாவா சொன்னார்கள்!

ஆனால் இந்த பிரேக் இலவசமல்ல. மூத்த செல்கள் சும்மா இருப்பதில்லை. அழற்சி உண்டாக்கும் ரசாயனங்களைக் கசியவிடுகின்றன. இளமையில் நோய் எதிர்ப்புப் படை இவற்றைப் பெருக்கித் தள்ளிவிடும். வயதானால் குப்பை சேர்ந்துபோகிறது. தோல் சுருங்குகிறது, மூட்டு தேய்கிறது. பக்கத்தில் புற்றுநோய் வளரவும் அதே கசிவு உதவி செய்கிறது. காவல்காரனே திருடனுக்கு ஏணி பிடிக்கிற கதை!

சீக்கிரம் கிழடாகிற ரக எலிகளில் இந்தக் குப்பையை நீக்கியபோது கண்புரையும் தசை இளைப்பும் தள்ளிப்போயின (2011). மனிதருக்குச் சோதனைகள்தான் நடக்கின்றன. ஆகவே 'இளமை மாத்திரை' விற்பவரிடம் பர்ஸைத் திறக்காதீர்கள். டெலோமியரை நீட்டுவதாகச் சொன்னால் இன்னும் உஷார்! தேய்ந்த நுனியைத் திரும்ப நீட்டிக்கொண்டுதான் பெரும்பாலான புற்றுநோய் செல்கள் சாகாமல் பெருகுகின்றன.

மச்சம் திடீரென்று வளர்ந்தால், ஓரம் கோணினால், நிறம் மாறினால், ரத்தம் கசிந்தால் தோல் டாக்டரிடம் காட்டுங்கள். சுண்ணாம்பு வைத்துச் சுடுகிற வேலையெல்லாம் வேண்டாம். நம்மைப் போன்ற கறுத்த தோலில் மெலனோமா அபூர்வம்தான். வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலில், உள்ளங்கையில், நகத்தடியில் வருகிறது. வெறுங்காலோடு மணலிலும் உப்பளத்திலும் நடப்பவர்கள் "ஏதோ முள் குத்தின கறுப்பு" என்று விட்டுவிடுவார்கள். இன்றைக்குக் குளித்தபின் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் பேரனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.