அதட்டினால்தான் உடம்பு இளைக்குமா?

முன்பெல்லாம் உடற்பயிற்சிக் கூடம் என்றால் ஆண்கள் சமாசாரம். இப்போது சின்ன ஊர்களில்கூட பெண்களுக்கென்று தனி நேரம் ஒதுக்குகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால், அங்கே சொல்லித் தரும் மாஸ்டர்கள் சிலர் வாயைத் திறந்தாலே அதட்டல்தான்!

என் நாத்தனார் மூன்று மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டி ஒரு கூடத்தில் சேர்ந்தாள். இரண்டு பிள்ளை பெற்றவள், முழங்கால் வலி வேறு. குனிந்து நிமிர்வதில் மூச்சு வாங்கி நின்றபோது, "இட்லி சாப்பிடறப்ப மட்டும் மூச்சு வாங்கலையா?" என்று பத்துப் பேர் முன்னால் கேட்டிருக்கிறார் மாஸ்டர். மூன்றாம் வாரமே நின்றுவிட்டாள். "பணம் போனாப் போகட்டும் அண்ணி. மானத்தை விட்டுட்டு உடம்பைக் குறைக்கணுமா?" என்கிறாள். என் ஓர்ப்படியோ எதிர்க்கட்சி. "யாராவது கத்தினாத்தான்க்கா நமக்கு உடம்பு வணங்கும். அடியாத மாடு படியாதுன்னு சும்மாவா சொன்னாங்க?" என்பாள். (மாடு மாதச் சந்தா கட்டுவதில்லை என்பதை அவளுக்கு யார் சொல்வது?)

அவள் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. கனமான ஒன்றைத் தூக்கும்போது பக்கத்தில் ஒருவர் ஓங்கிக் குரல் கொடுத்தால் அந்த நிமிடம் கூடுதலாகக் கொஞ்சம் பலம் வரும். ஆராய்ச்சியாளர்களே அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் "விடாதீங்க, இன்னும் ரெண்டுதான்" என்று உற்சாகப்படுத்துவதும், "எருமை மாதிரி நிக்கறீங்களே" என்று இழிவாகப் பேசுவதும் ஒன்றா?

அமெரிக்காவில் 2004-ல் 'தி பிக்கஸ்ட் லூசர்' என்று ஒரு தொலைக்காட்சிப் போட்டி தொடங்கியது. பருத்த உடம்புக்காரர்களை அழைத்து வந்து, அழ அழ அதட்டி, வாந்தி எடுக்கும் வரை பயிற்சி தருவார்கள். 2009-ல் கலந்துகொண்டவர்களில் 14 பேரை அந்நாட்டு அரசின் தேசிய சுகாதார ஆய்வு நிறுவனம் ஆறு வருடம் கழித்துப் பரிசோதித்து, 2016-ல் முடிவை வெளியிட்டது. போட்டியில் சராசரியாக 58 கிலோ குறைத்திருந்தவர்களுக்கு 41 கிலோ திரும்பவும் ஏறிவிட்டது! அதோடு, சும்மா இருக்கும்போது அவர்கள் உடம்பு செலவழிக்கும் சக்தி, அந்த எடைக்கு இருக்க வேண்டியதைவிட தினமும் ஏறக்குறைய 500 கலோரி குறைந்திருந்தது. கிட்டத்தட்ட ஒரு வேளைச் சாப்பாடு.

இது அதட்டலால் வந்த வினை என்று நான் சொல்ல வரவில்லை. அவசர அவசரமாக அளவுக்கு மீறி இளைத்ததன் பலன் அது. என்றாலும், 2017-ல் அதே குழுவினர் இன்னொன்றும் கண்டார்கள். யார் ஆறு வருடத்துக்குப் பிறகும் நிறைய நடந்து, ஓடி, உடம்புக்கு வேலை கொடுத்தார்களோ, அவர்களுக்குத்தான் எடை அவ்வளவாக ஏறவில்லை. அந்த ஆறு வருடமும் பின்னால் நின்று கத்த மாஸ்டரும் இல்லை, கேமராவும் இல்லை. தானாக விரும்பிச் செய்தவர்கள் தப்பித்தார்கள். கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தினர் இந்த நிகழ்ச்சியைச் சிலருக்குப் போட்டுக் காட்டினார்கள். பார்த்தவர்களுக்கு உடற்பயிற்சி மேலேயே வெறுப்பு கூடியதாம். பார்த்ததற்கே இப்படி என்றால், பட்டவர்களுக்கு?

ஆபத்தும் உண்டு, தோழிகளே. பழக்கமில்லாத உடம்பை ஒரே நாளில் போட்டு வாட்டினால் தசை நார்கள் சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தைத் தாக்கலாம். கடுமையான தசை வலியோடு சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போனால், "பயிற்சின்னா வலிக்கத்தான் செய்யும்" என்று யார் சொன்னாலும் கேட்காமல் உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடல் உழைப்பு, இரண்டு நாள் தசைக்குப் பலம் தரும் பயிற்சி. மிதம் என்றால் எவ்வளவு? நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பக்கத்து வீட்டு மாமியோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே வேகமாக நடந்தால் கணக்கு சரியாகிவிடும். இதற்கு எந்த மாஸ்டரின் அதட்டலும் தேவையில்லை.

கூடத்தில்தான் சேர வேண்டும் என்றால், பணம் கட்டுமுன் ஒரு நாள் சும்மா உட்கார்ந்து பாருங்கள். அங்கே இருப்பவர்களிலேயே பருமனான பெண்ணிடம் மாஸ்டர் எப்படிப் பேசுகிறார் என்று கவனியுங்கள். "முழங்கால் வலிக்கிறது" என்றால் வேறு பயிற்சி மாற்றித் தருகிறாரா, முறைக்கிறாரா? பாதியில் நின்றால் மீதிப் பணம் தருவார்களா என்றும் கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் மாஸ்டர்கள் எப்படி? எழுதுங்களேன்.

- ஒரு வாசகி, திருச்சி.